கயிற்றைத் தலைகீழாகப் பிடித்தவர்

ஜார்ஜ்டவுன் சாலைகளில் சிங்கே ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வானளாவிய மூங்கில் கம்பத்தையும் அதன் கொடியையும் ஒருவர் நெற்றியில் தாங்கி நடக்கும்போது, கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கும். காற்று கொஞ்சம் திசை மாறினாலும் கம்பம் சாயும். பெரிய பொருளைத் தெருவில் ஆட்டுவிப்பது வலிமை மட்டும் சார்ந்ததன்று. அது ஒரு கல்வி. அந்தக் கல்வியை ஆசிரியர் எவரும் இன்றித் தானே தேடிக் கற்று, மாடிக் கட்டடங்களின் உயரத்திற்குப் பொம்மை செய்து நியூயார்க் தெருக்களில் நடக்கவிட்ட ஒருவரை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் டோனி சார்க்.

1880-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில், கோபான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜெர்மானியர், காப்பித் தோட்ட உரிமையாளர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. ஆறு வயதுச் சிறுவனிடம் தந்தை ஒரு வேலை கொடுத்தார். அதிகாலையில் எழுந்து கோழிக்கூட்டைத் திறந்து தீனி போட வேண்டும். சிறுவனுக்கோ தூக்கம் பெரிது. முதல் நாள் இரவே தீனியைக் கூட்டின் வெளியே தூவி வைத்தான். கூட்டுக் கதவில் கயிறு கட்டி, கப்பி வழியாகத் தன் படுக்கை வரை இழுத்து வந்தான். விடிந்ததும் படுத்தபடியே கயிற்றை இழுத்தான்; கதவு திறந்தது, கோழிகள் வெளியே வந்தன, அவன் போர்வைக்குள் புகுந்துகொண்டான். சோம்பல் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் தூரத்திலிருந்து கயிற்றால் ஒன்றை அசைக்கலாம் என்ற முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது.

பிறகு குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பியது. பதினான்கு வயதில் இராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்; படை அதிகாரியாகவும் ஆனார். மனம் அதில் ஒட்டவில்லை. 1905-இல் பதவியைத் துறந்து இலண்டன் சென்று, படம் வரைந்து பிழைத்தார். 1909-இல் ஓர் அமெரிக்கப் பெண்ணை மணந்தார்.

இலண்டனில்தான் பொம்மலாட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்நாளில் தாமஸ் ஹோல்டன் குழுவின் பொம்மலாட்டம் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றிருந்தது. ஆனால் அது குடும்பச் சொத்து. எந்த மூட்டில் எந்த நூல் கட்டுவது, பிடிகட்டையை எப்படிச் சாய்ப்பது என்பதெல்லாம் திரைக்குப் பின்னால் பூட்டி வைத்த இரகசியம். வெளியாருக்கு அங்கே அனுமதியில்லை. சார்க் என்ன செய்தார்? சீட்டு வாங்கி, திரும்பத் திரும்ப அதே ஆட்டத்தைப் பார்த்தார். பொம்மை கையைத் தூக்கும்போது தோள் எப்படிப் போகிறது, உட்காரும்போது எந்த நூல் தளர்கிறது என்று கவனித்தார். வீடு திரும்பி மரத்தைச் செதுக்கி முயன்றார். தவறினால் மறுநாளும் போய்ப் பார்த்தார். ஏகலைவனை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவருக்குக் கட்டைவிரலைக் கேட்க யாரும் இல்லை.

முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியப் பெயர் கொண்டவருக்கு இலண்டனில் இருப்பது கடினமாயிற்று. 1915-இல் குடும்பத்துடன் நியூயார்க் சேர்ந்தார். 1917 முதல் பொம்மலாட்டமே தொழில் ஆனது. அவரது குழு அமெரிக்காவின் ஊர் ஊராகச் சென்றது. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய ஆட்டத்தை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு.

ஆனால் அவரை வரலாற்றில் நிறுத்தியது வேறொன்று. மேசிஸ் பேரங்காடி 1924-இல் ஒரு தெரு ஊர்வலம் தொடங்கியது. மிருகக்காட்சிச் சாலையிலிருந்து உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்தார்கள்; உறுமலைக் கேட்டுக் குழந்தைகள் அழுதன. விலங்குகளுக்குப் பதில் என்ன வைப்பது என்ற கேள்வி, அந்தக் கடையின் காட்சிச் சன்னல்களை அலங்கரித்து வந்த சார்க்கிடம் வந்தது.

இங்கே சற்று நிற்போம். தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். அந்தக் கனத்தை விரல்களால் மட்டும் தாங்க முடியாது. ஆகவே நம் கலைஞர்கள் தலையில் துணி சுற்றிய இரும்பு வளையம் அணிந்து, பொம்மையின் நூல்களை அதில் கட்டுவார்கள். கைகளை ஆட்டக் கம்பிகள். ஆட்டுபவர் தலையசைத்தால் பொம்மை ஆடும். எடைக்கு நம் முன்னோர் கண்ட விடை அது. ஆனால் மாடி உயரப் பொம்மையை எந்தத் தலை தாங்கும்? அதற்கு மேலே நின்று நூல் பிடிப்பவர் எங்கே நிற்பார்?

சார்க் எடையையே எடுத்துவிட்டார். பொம்மை மேலே, ஆட்டுபவர் கீழே. கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்புக்குப் பதில் மேல்நோக்கித் தூக்கும் வாயு. தலைகீழ்ப் பொம்மலாட்டம் என்றே இதைச் சொல்லலாம். ஒகாயோ மாநிலத்து அக்ரோன் நகரில் குட்இயர் நிறுவனம் இரப்பர் பூசிய பட்டுத்துணியில் அவற்றைச் செய்து தந்தது. 1927-இல் வந்த முதல் பலூன்களில் வெறும் காற்றுதான். பெலிக்ஸ் என்ற பூனையைக் கம்புகளால் தாங்கித் தூக்கிச் சென்றார்கள். மறு ஆண்டு ஹீலியம் வந்தது, பூனைகள் பறந்தன.

பறந்த பின் எப்படி இறக்குவது என்று யாரும் யோசிக்கவில்லை போலும்! 1928-இல் ஊர்வல முடிவில் கயிற்றை விட்டார்கள். உயரே போகப் போக வாயு விரிந்து பலூன்கள் வெடித்தன. பிறகு மெல்லக் கசியும் அடைப்பிதழ் வைத்தார்கள். கண்டெடுத்துத் தருபவருக்குப் பரிசு அறிவித்தார்கள். 1932-இல் விமானம் ஓட்டப் பழகிய ஓர் இளம்பெண் பூனை பலூனின்மேல் மோதியதில், விமானம் சுழன்று விழப் பார்த்தது. உடனிருந்த பயிற்சியாளர் கடைசி நேரத்தில் காப்பாற்றினார். பலூன்களை வானில் விடும் வழக்கம் அத்தோடு நின்றது.

விளையாட்டுப் புத்தி அவரை விடவில்லை. 1937-இல் தாம் கோடைக்காலம் கழிக்கும் நான்டக்கெட் தீவில் கடல் அரக்கனைக் கண்டதாகச் செய்தி பரவியது. மணலில் பெரும் காலடித் தடங்கள் கூடத் தென்பட்டன. சில நாள்களில் கரை ஒதுங்கியது சார்க் செய்த பிரம்மாண்டமான பலூன் பாம்பு!

வரவுசெலவில் மட்டும் அவருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. 1939-இல் திவாலானார். ஆசையாய்ச் சேர்த்த பழைய பொம்மைகளும் விலை போயின. 1942-இல், குடல்வால் அறுவைக்குப் பின், 61 வயதில் மறைந்தார். அதே ஆண்டு இறுதியில் அந்தப் பலூன்களும் போர்த் தேவைக்கு இரப்பராகக் கொடுக்கப்பட்டன. எடை ஏறத்தாழ 300 கிலோ. ஊர்வலம் மீண்டும் புறப்பட்டது 1945-இல்.

ஹோல்டன் திரைக்குப் பின்னால் மறைத்ததைச் சார்க் மறைக்கவில்லை என்பதே என் கண்ணில் அவருடைய பெரிய செயல். பொம்மை செய்யும் முறையை 1921-இல் நூலாகவே வெளியிட்டார். பட்டறைக்கு வந்தவர்களை உள்ளே விட்டார். அவர்களில் ஒருவரான பில் பேர்ட்தான், 1965-இல் வெளிவந்த 'சவுண்ட் ஆப் மியூசிக்' படத்தில் ஆடு மேய்ப்பவன் பாட்டுக்கு ஆடும் பொம்மைகளைச் செய்தவர். அந்தப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அடுத்த முறை பார்க்கும்போது நூல்களைக் கவனியுங்கள்.