பெயர் கேட்ட சிறுவன்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் ராஷூல்ட் என்று ஒரு சிற்றூர். 1707ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஒரு கிறித்தவக் குருவின் இல்லத்தில் கார்ல் லின்னேயஸ் பிறந்தார். தந்தை நில்ஸ் திருப்பணிக்கு அடுத்தபடியாகத் தம் தோட்டத்தை நேசித்தவர். அவர் குடும்பத்துக்குத் தேடிக்கொண்ட பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தை எண்ணி லின்னேயஸ் என்று சூட்டிக்கொண்டார்.

பையனுக்கு நான்கு வயது இருக்கும். ஒரு நாள் தந்தை விருந்தினரோடு புல்வெளியில் அமர்ந்து, அங்கிருந்த செடிகளின் பெயர்களையும் வேர்களின் இயல்பையும் விளக்கிக்கொண்டிருந்தார். அன்று தொடங்கிய தொல்லை அது. கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்து பெயர் கேட்பான் சிறுவன்; சொன்னதை மறந்துவிடுவான்; மறுபடியும் வந்து கேட்பான். பொறுத்துப் பார்த்த தந்தை, சொன்ன பெயரை நினைவில் வைக்காவிட்டால் இனி ஒரு பெயரும் சொல்வதில்லை என்று கண்டித்துவிட்டார். அதன்பின் சிறுவன் மறக்கவில்லை. அவனுக்கென்று ஒரு பாத்தியும் கிடைத்தது. அவனோ அதில் மலர்ச் செடிகளோடு காட்டுச் செடிகளையும் களைகளையும் கொண்டுவந்து வைத்தான். அவை தோட்டமெங்கும் பரவ, அவற்றை ஒழிப்பது தந்தையின் வேலையாயிற்று.

பள்ளிப் படிப்பு சோபிக்கவில்லை. இவனைக் குருவாக்குவது வீண், தையற்காரரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ தொழில் பழக விடலாம் என்று ஆசிரியர்கள் தந்தைக்கு யோசனை சொன்னார்கள். ரோத்மன் என்ற மருத்துவர் குறுக்கிட்டு, மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று சொல்லித் தாமே பாடமும் நடத்தியிராவிட்டால் சுவீடனுக்கு மேலும் ஒரு தையற்காரர் கிடைத்திருப்பார்.

1728இல் உப்சாலா பல்கலைக்கழகம் சேர்ந்தபோது அவர் கையில் காசில்லை. தேய்ந்த காலணியின் ஓட்டையைக் காகிதம் வைத்து அடைத்துக்கொண்டு நடந்தார். மறு ஆண்டு வசந்தத்தில் பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஒரு பெரியவர் அவரைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். செடிகளைக் காட்டிப் பெயர் கேட்டார். கேட்டதற்கெல்லாம் விடை வந்தது. அந்தப் பெரியவர் பேராசிரியர் ஒலோப் செல்சியஸ். வெப்ப அளவையால் புகழ்பெற்ற செல்சியசின் சிற்றப்பா. ஏழை மாணவனுக்குத் தம் வீட்டிலேயே இடமும் உணவும் அளித்தார். படித்த படிப்புக்குச் சோறு கிடைப்பது எக்காலத்திலும் அரிது. களைகளின் பெயர் தெரிந்ததற்காகக் கிடைத்தது அதனினும் அரிதல்லவா?

பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்போருக்கு 1732ஆம் ஆண்டு விடை சொல்லும். அவ்வாண்டு உப்சாலா அறிவியற் கழகம் கொடுத்த சிறு தொகையோடு அவர் லாப்லாந்துக்குத் தனியே பயணம் போனார். வழியில் தோர்னியோ என்ற ஊர். இன்று பின்லாந்தைச் சேர்ந்தது. அவ்வூரில் வசந்தந்தோறும் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. பனிக்காலம் முழுதும் கொட்டிலில் அடைபட்டு வாடிய மாடுகளை ஆற்றோரப் புல்வெளியில் விட்டதும் அவை உடல் வீங்கி, வலிப்புக் கண்டு, கதறி விழுந்தன. என்ன நோயென்று எவருக்கும் விளங்கவில்லை. லின்னேயஸ் மாட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் புல்வெளியைப் பார்க்கப் போனார். ஈரம் ஊறிய சதுப்பு நிலம் அது. அங்கே தானாக முளைத்து மண்டிக் கிடந்தது ஒரு செடி. கொத்துமல்லிக்கு உறவானது, ஆனால் கொடிய நஞ்சு. சிக்கூட்டா என்று அடையாளம் கண்டார். கோடையில் வளர்ந்த செடியை மாடுகள் மோந்து பார்த்து ஒதுக்கிவிடும். வசந்தத்தில் பசி வெறியோடு வருபவை, நீருக்கடியில் இருக்கும் இளங்குருத்தைப் புல்லோடு சேர்த்து விழுங்கிவிடுகின்றன என்று காரணமும் சொன்னார். மருந்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டும், அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

ஆனால் கண்டறிந்ததைப் பிறருக்குச் சொல்வது எப்படி? அந்நாளில் ஒரு செடியின் பெயர் என்பது பத்துப் பன்னிரண்டு இலத்தீன் சொற்கள் கோத்த வருணனை. ஆளுக்கொரு வருணனை, நாட்டுக்கொரு வழக்கு. இரண்டு அறிஞர்கள் ஒரே செடியைப் பற்றிப் பேசுகிறார்களா என்பதே ஐயம். லின்னேயஸ் எளிய வழி ஒன்று வகுத்தார். பூவைப் பிரித்து மகரந்தக் கேசரங்களை எண்ணு. பிறகு சூல்தண்டை எண்ணு. நம் ஊர் நெருஞ்சிப் பூவில் கேசரம் பத்து, சூல்தண்டு ஒன்று. அந்த எண்ணிக்கை எந்த வகுப்பில் தேட வேண்டும் என்று காட்டிவிடும். செயற்கையான முறைதான், உறவில்லாத செடிகளை ஒரே வகுப்பில் தள்ளிய முறை என்று பிற்காலத்தார் கைவிட்டார்கள். ஆயினும் கையில் ஒரு லென்சும் பொறுமையும் இருந்தால் எந்த மாணவனும் பெயர் தெரியாத பூண்டை அணுகலாம் என்ற துணிவைத் தந்தது அதுவே. 1753இல் வெளியிட்ட இரு தொகுதி நூலில் ஏறக்குறைய 5,900 செடிகளுக்கு இரண்டே சொல்லில் பெயர் கொடுத்தார். முதற்சொல் இனத்துக்கு, இரண்டாவது ஆளுக்கு. முறை மறைந்தும் பெயர்கள் நிலைத்தன.

அந்த நூலில் நம் குப்பைமேட்டுக் குப்பைமேனியும் உண்டு. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். மலையாளக் கரையில் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த பன்னிரண்டு தொகுதி நூலில் குப்பமேனி என்ற பெயரிலேயே அதன் படம் இருந்தது. அதைச் சான்று காட்டினார். அப்பெயரை டச்சுக்காரருக்குச் சொன்னவர்கள் இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்கள். உப்சாலாவின் புகழில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. லின்னேயசிடம் பயின்ற கோனிக் என்பார் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, சோழமண்டலக் கரையின் செடிகளை ஆசிரியருக்கு அனுப்பினார்.

தூரத்திலிருந்து பெயரிடுவதில் தவறும் நேர்ந்தது. கீழாநெல்லி போன்ற சிறு பூண்டுகள் பலவற்றை அவர் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். அந்தப் பெயருக்குரியது அமெரிக்கச் செடி, நம் கீழாநெல்லி வேறு என்று இருபதாம் நூற்றாண்டில்தான் பிரித்தறிந்தார்கள். அதற்குள் எத்தனையோ மருந்து நூல்களில் பழைய பெயர் ஏறிவிட்டது.

ஆனால் சரியாக இட்ட பெயர் எத்துணைக் காலம் காத்திருக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1950களில் புனே நகரத்தில் முன்பின் அறியாத களை ஒன்று தலைகாட்டியது. தொட்டவர் பலருக்குத் தோல் அரித்தது. அது பார்த்தீனியம், அமெரிக்கச் செடி. 1753ஆம் ஆண்டு நூலிலேயே பெயர் பெற்றிருந்தது. பெயர் தெரிந்ததால் ஊர் தெரிந்தது. ஊர் தெரிந்ததால் அதைத் தின்னும் வண்டினம் ஒன்றை 1980களில் மெக்சிகோவிலிருந்து வரவழைத்துப் பெங்களூரில் வளர்த்து வெளியே விட முடிந்தது. வண்டு இலையைத் தின்கிறது, களையும் ஒழிந்தபாடில்லை. அது வேறு கதை.

1741 முதல் உப்சாலாவில் பேராசிரியராக இருந்த லின்னேயஸ், மாணவர் கூட்டத்தோடு வயல்வெளிக்குப் புறப்படுவார். மாலையில் கொம்பும் முரசும் ஒலிக்க ஊர் திரும்புவார்கள். உலகெங்கும் அவர் அனுப்பிய மாணவரில் பலர் திரும்பவே இல்லை. 1774இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. 1776இல் மீண்டும் தாக்கியது. செடிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவின. பின்னர்த் தம் பெயரும் நழுவியது. தாம் எழுதிய நூல்களையே யாரோ எழுதியவை என்று எண்ணி வியந்து பார்ப்பாராம். 1778ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் காலமானார். உப்சாலா தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் உலர்த்தி ஒட்டிவைத்த செடிகளைத் துணைவியார் 1784இல் ஓர் ஆங்கிலேய இளைஞருக்கு விற்றார். அவை இன்று லண்டனில், அவர் பெயரால் அமைந்த கழகத்தில் உள்ளன. ஐயம் எழும்போதெல்லாம் அறிஞர்கள் அங்கே போய் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.