ஜி.டி. நாயுடுவின் முதல் வண்டி

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூரை அடுத்த கலங்கல், காவிரியில் சென்று கலக்கும் நொய்யலாற்றுப் பகுதியில் உள்ள சிற்றூர். அங்கு ஓர் உழவர் குடும்பத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால்தான் நாடறியும். பள்ளிக்கல்வி அவருக்குத் தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று.

இளமையில் ஒருநாள், வருவாய்த்துறையைச் சேர்ந்த ஆங்கில அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதை அவர் கண்டார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட, 1912ஆம் ஆண்டு ரட்ஜ் வண்டி அது. ஒற்றை உருளை எந்திரம்; பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்கு மாறாக ஒரு வார். இன்று நோக்கின், மிதிவண்டியில் எந்திரத்தைப் பூட்டியதுபோலவே தோன்றும். மாட்டு வண்டிகளையே பார்த்து வளர்ந்தவருக்கோ, இழுக்க எதுவுமின்றி ஓடிய அவ்வண்டி உறக்கத்தைக் கெடுத்தது.

வண்டியை வாங்கக் கையில் பணமில்லை. வீட்டைவிட்டுக் கோயம்புத்தூர் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். சொந்த நிலத்தில் உழைத்து உண்ணும் குடும்பத்துப் பிள்ளைக்கு அஃது எளிய முடிவன்று. ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, அந்த அலுவலரிடமிருந்தே பழைய வண்டியை விலைக்குப் பெற்றார்.

பெற்றவர் ஊர் சுற்றப் புறப்படவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். எந்திரக் கல்வி பயின்றவரல்லர். உடனிருந்து கற்பிக்க ஆசானும் இல்லை. ஒரு திருகாணி இடம் மாறினாலும் மூன்றாண்டு உழைப்பு வெறும் இரும்புக் குவியலாகிவிடும். எனினும், எது எதனை இயக்குகிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்து, கழற்றிய அனைத்தையும் மீண்டும் பூட்டினார். வண்டி ஓடிற்று. அதன்பின் எந்திரங்களைப் பழுதுபார்ப்பதே அவர் தொழிலாயிற்று.

1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததே யூ.எம்.எஸ். எனப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சவரக் கத்தி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு எந்திரம் என அவர் உருவாக்கியவை பல. 1941இல் ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர இயலும் என அறிவித்தார். பள்ளியைத் துறந்த அவரே 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பயிலகம் அமையக் காரணமாகி, அதன் முதல்வராகவும் இருந்தார். தொழிற்கல்விக்கு நீண்ட ஆண்டுகள் தேவையில்லை என்பது அவர் கருத்து; அரசு அதனை ஏற்கவில்லை.

1952இல் இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய். எளியவரும் வண்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம், விடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்தவருக்கு இருந்ததில் வியப்பில்லை. ஆனால், அதனை உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தபோதும் அந்தக் கார் விற்பனைக்கு வந்திருக்கவில்லை.