புத்தகம் தைத்த கை

இரும்பு வளையம் ஒன்று. ஒருபுறம் செம்புக் கம்பிச் சுருள்; மறுபுறம் இன்னொரு சுருள். முதற் சுருளிலே மின்சாரம் பாய்ந்தது. இரண்டாவது சுருளின் கம்பியருகே இருந்த காந்த ஊசி துள்ளிற்று! மின்சாரத்தை நிறுத்தியதும் மீண்டும் துள்ளிற்று! 1831 ஆகஸ்டு 29-ந் தேதி, லண்டன் மாநகரிலே நடந்தது இது. இன்று ஆலையை ஓட்டும் மின்சாரத்துக்கும், குடிசையிலே எரியும் விளக்குக்கும் தொடக்கம் அந்தத் துள்ளல்தான், தோழர்களே!

கண்டவர் யார்? பல்கலைக் கழகப் பண்டிதரா? பிரபு வீட்டுப் பிள்ளையா? இல்லை. கொல்லன் மகன், புத்தகம் தைத்த தொழிலாளி — மைக்கேல் பாரடே!

1791-ல் பிறந்தார். தந்தையோ நோயாளி. 1801-ல் விலைவாசி ஏறி வறுமை வாட்டியபோது, ஒன்பது வயதுப் பாலகனுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டி! பள்ளி தந்தது எழுத்தும் எண்ணும் மட்டுமே.

பதினான்காம் வயதில் பைண்டிங் கடையிலே வேலை பழகச் சேர்ந்தார், ஏழாண்டு ஒப்பந்தம். ஏடுகளை அடுக்கினார், தைத்தார், அட்டை போட்டார். அதோடு நின்றாரா? தைத்த ஏட்டைப் படித்தார்! கலைக் களஞ்சியத்திலே மின்சாரம் பற்றிய கட்டுரை. மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூல் — இவையே அவருக்குக் கல்லூரி. கையிலிருந்த சில்லறைக் காசிலே கருவிகள் செய்து, படித்ததைச் சோதித்துப் பார்த்தார்.

1812-ல், கடைக்கு வந்துபோகும் ஒருவர் தந்த சீட்டால், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டதை எழுதினார், படம் வரைந்தார், தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார், வேலை கேட்டு. முதலில், இருக்கும் தொழிலையே பார்த்துக்கொள் என்ற அறிவுரைதான் கிடைத்தது. 1813-ல் உதவியாளர் இடம் காலியாயிற்று, அழைப்பு வந்தது.

அழைப்பு வந்ததும் அவமதிப்பு அகன்றதா? அதுதான் இல்லை! டேவியுடன் ஐரோப்பா சென்றபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்திலே, எதிர்த்து நின்றவர் டேவியேதான்! கைதூக்கி விட்டவருக்கே, வளர்ந்தவனைக் காணப் பொறுக்கவில்லை. பாரடே பகை வளர்க்கவில்லை. டேவியின் திறமையைப் பிற்காலத்திலும் மதித்தே பேசினார்.

பிறகு வந்தது பெரிய சோதனை — பணம்! நிறுவனம் தந்தது ஆண்டுக்கு 100 பவுன், தங்க இடம், கரி, மெழுகுவத்தி. தொழில் அதிபர்களுக்கும் பிறருக்கும் ஆய்வு செய்து கொடுத்தால், அதைப்போலப் பன்மடங்கு! அந்த வருவாயைச் சுவைத்தும் பார்த்தவர் அவர். ஒருபுறம் செல்வம், மறுபுறம் ஆய்வு. இரண்டுக்கும் போதுமான நேரம் ஒரு மனிதனுக்கு ஏது? 1831-க்குப் பிறகு, ஆய்வே போதும் என்று செல்வத்துக்கு விடை கொடுத்தார். ரொட்டித் துண்டுக்கு ஏங்கிய வயிறு செய்த முடிவு அது என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் உலகை மறந்துவிடவில்லை. 1844-ல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 தொழிலாளர் மாண்டபோது, நேரில் சென்று ஆராய்ந்தார். எரிவாயு மட்டுமல்ல, கரித்தூளும் தீயைப் பெருக்கிற்று என்று, உடன் சென்ற லயலுடன் சேர்ந்து அறிக்கை தந்தார். கிறிஸ்துமஸ் காலத்திலே சிறுவர்களுக்காக, பத்தொன்பது ஆண்டுகள், தாமே தொடர் சொற்பொழிவாற்றினார். ஒருநாள் தன்னை எதிர்த்த அதே ராயல் சொசைட்டி, தலைமைப் பதவியை நீட்டிற்று, வேண்டாமென்றார். 1867-ல் மறைந்தார்.

அவருக்குக் கடினமான கணக்கு தெரியாது. கடைசி வரையில் தெரியாது. அந்தக் குறையை எண்ணி அவர் ஒதுங்கி நிற்கவில்லை. காந்தத்தைச் சுற்றியுள்ள விசையைக் கோடுகளாக மனக்கண்ணால் கண்டார், இரும்புத் தூளைத் தூவிக் காட்டினார். கணக்கறிந்த மாக்ஸ்வெல் பின்னர் வந்து, அந்தக் கோடுகளுக்குச் சூத்திரம் தந்தார்.

ஆலைச் சங்கு ஊதியதும் ஓய்ந்து உட்காரும் தோழனே! உன் கையிலே ஊறிய தொழில் உன்னைக் கட்டும் விலங்கல்ல. பாரடே தைத்த ஏடுகள் பிறருக்குச் சொந்தம். படித்தது அவருக்கே சொந்தம். இன்றிரவு படிப்பகத்திலே விளக்கு எரிகிறது. அதை ஏற்றி வைத்தவன் ஒரு தொழிலாளி என்ற நினைவோடு, உள்ளே போ!