தளபதி ஆக்கியது யார்?

காதர்பேட்டையிலே வேலை செய்யும் தோழர்களுக்குத் தெரியும், ஒரு சட்டைக்குப் பின்னால் எத்தனை கைகள் உண்டென்று. நூல் நூற்ற கை, துணி வெட்டிய கை, தையல் போட்ட கை, மடித்துக் கட்டிய கை! சட்டை ஊர்வலம் போகும். தைத்தவன் பெயர் எவருக்கும் தெரியாது. அந்த நினைவோடுதான் இன்று நாம் ஒரு தளபதியின் வாழ்வைச் சொல்ல வந்தோம். இராணுவச் சட்டை அணிந்த அவர் படத்தை நம்மில் அறியாதார் இல்லை. சுபாஷ் சந்திர போஸ்!

1897-இல் கட்டாக் நகரிலே, பெயர் பெற்ற வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். சீமைக்குச் சென்றார், ஐ.சி.எஸ். தேர்விலே நான்காவதாகத் தேறினார். கலெக்டர் நாற்காலி காத்திருந்தது. 1921-இல் அதனை உதறினார்! காங்கிரசிலே சேர்ந்தார், மண்டலே சிறை வரை சென்று மீண்டார்.

1928-இல் கல்கத்தாவிலே காங்கிரஸ் மாநாடு. தொண்டர் படைக்குத் தலைவர் போஸ். தளபதி உடை தைத்து அணிந்தார், அணிவகுப்பு நடத்தினார். படையில்லாத் தளபதி என்று பலர் நகைத்தனர். ஆனால் அதே ஆண்டில் ஜாம்ஷெட்பூர் இரும்பாலைத் தொழிலாளர் போராட்டத்திலே புகுந்து, அவர்தம் சங்கத்துக்குத் தலைவரானார். உலைக்களத்து வியர்வையை அருகிருந்து கண்டார்.

1938-இல் காங்கிரஸ் தலைவர். 1939-இல் காந்தியாரின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை 203 வாக்குகளில் வென்று மீண்டும் தலைவர். வென்றாரே தவிர, ஒத்துழைப்பு கிட்டவில்லை. மூன்றே மாதத்தில் பதவியைத் துறந்தார்.

1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து மறைந்தார். காபூல் வழியே பெர்லின் போய்ச் சேர்ந்தார். இட்லரின் தலைநகர்! எதிரிக்கு எதிரி என்ற கணக்குத்தான். கணக்கு சரியா? பொறுத்திருங்கள், தோழர்களே!

நீர்மூழ்கிக் கப்பலிலே கடல் கடந்து, 1943-இல் சிங்கப்பூர் வந்தார். குலைந்து கிடந்த இந்திய தேசிய இராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். அழைத்தார், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் வந்தனர்! கங்காணியின் அதட்டலுக்குக் குனிந்தவன் துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்தான். பால்மரம் சீவிய பெண்கள், சென்னை டாக்டர் லட்சுமியின் தலைமையிலே ஜான்சி ராணி படையில் நின்றனர். 1928-இல் உடையைத் தந்தவன் தையல்காரன். 1943-இல் தளபதி எனும் தகுதியைத் தந்தவன் தோட்டத் தொழிலாளி!

அந்த 1943 அக்டோபரில் சிங்கப்பூரிலே தற்காலிக அரசு அமைத்தார் போஸ். அதே அக்டோபரில் இன்னொன்றும் முடிந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதை! அதற்கென மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிச் சென்றனர். காலரா, பட்டினி, அடி, உதை! பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். அண்ணன் படையிலே, தம்பி பாதையிலே! போஸின் படை ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்டது. கணக்கின் மறுபக்கம் இதுதான்.

1944-இல் இம்பால் போர். மழையும் பசியும் நோயும் படையை முறித்தன. 1945-இல் இரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பெண்கள் படையைக் கைவிட்டு ஓடவில்லை அவர், அவர்களோடு நடந்தார். ஆகஸ்டு 18-இல் தைப்பேயில் விமான விபத்து. 48 வயதில் மறைந்தார்.

அவர் துணிவை மதிக்கிறோம். துறந்த நாற்காலியை மதிக்கிறோம். படத்துக்கு மாலை சூட்டட்டும், மறுப்பில்லை. மாலையிலே ஒரு பூ, அவரைத் தளபதி ஆக்கியவனுக்கு. இன்னொரு பூ, சயாம் காட்டிலே சாய்ந்தவனுக்கு. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. சட்டை தைத்தவன் பெயரும்தான் தெரியாது! தெரியாது என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?