திருப்பூர் குமரன்

1904 அக்டோபர் 4ஆம் நாள் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் குமரன். வறுமை காரணமாக அவரது கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றது. பின்னர் திருப்பூருக்கு வந்து விடுதலைத் தொண்டில் ஈடுபட்டார்.

1932 ஜனவரியில் காந்தியடிகள் சிறைப்பட்டார். கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அரசு தடை விதித்தது. ஜனவரி 10ஆம் நாள் தொண்டர் சிலர் தடையை மீறிக் கொடியேந்தித் திருப்பூர் வீதியில் நடந்தனர். அவர்களிடம் ஆயுதம் ஏதுமில்லை. காவலரின் தடியடியால் தலையில் பலத்த காயமுற்று வீழ்ந்த குமரன், கொடியைக் கைவிடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27.

அன்று குற்றமெனப்பட்ட செயல், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பெற்ற அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் குடிமகனின் உரிமையாயிற்று. நியாயமான கட்டுப்பாடுகளை மட்டுமே அரசு விதிக்கலாம். கோரிக்கையுடன் கூடும் நம் இளைஞர் இதனை அறிதல் வேண்டும்; ஆயுதமின்றி, அமைதியாகக் கூடுதலே அவ்வுரிமையின் வரம்பு என்பதையும் மறத்தலாகாது.