சிங்காரவேலர் யார்? துறைமுகக் கடற்கரையில் நடந்த முதல் மே தினமும் இன்றைய தொழிலாளர் சட்டமும்

ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்கு ராஜாஜி சாலை வழியாகப் போனால், துறைமுகத்துக்கு எதிரே சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரும். அதன் பெயர் சிங்காரவேலர் மாளிகை. தினமும் ஆயிரம் வேலையாக அங்கே போய் வருகிறோம். ஆனா, அந்தப் பெயருக்கு உரியவர் யார்?

1860-ல் சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் ம.சிங்காரவேலர். வக்கீலாக இருந்தவர். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் அங்கியை எரித்துவிட்டு நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். அப்போது வயது 61. பலர் ஓய்வுக்குக் கணக்குப் போடும் வயசு!

1923 மே 1. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே துறைமுகப் பக்கக் கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்னொன்று. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுதான் முதல் தடவை. வீட்டிலிருந்த சிவப்புப் புடவையைக் கிழித்துத்தான் செங்கொடி தைத்தார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. மே தினத்துக்கு விடுமுறை வேண்டும் என்று அன்றைக்கே அரசைக் கேட்டார்கள்.

1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை கேட்டுப் போராடியதன் நினைவுதான் மே தினம். ஆனால் 1923-ல் இங்கே சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? ஆலைகளில் ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அதுவே அப்போது முன்னேற்றம்தான்!

1928-ல் தென்னிந்திய ரயில்வே ஆட்குறைப்பை எதிர்த்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆதரவாக நின்ற 68 வயது சிங்காரவேலருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டு 1930-ல் வெளியே வந்தார்.

1946 பிப்ரவரி 11-ல் அவர் காலமானார். அதே ஆண்டுதான் சட்டம் திருத்தப்பட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. அவர் பார்க்கவில்லை.

இப்போது என்ன நிலை?

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வெடித்ததும் நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1 அன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்கு அன்றைக்குச் சரியாக 100 வயது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. நாளைக்கு 8 மணி நேரம் என்பதுதான் இதில் வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்க உங்க சம்மதம் வேண்டும், ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஆட்குறைப்பு விஷயத்தை. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையே அரசிடம் முன்அனுமதி வாங்கணும். இப்போது 300 பேர் இருந்தால்தான் அந்தக் கட்டாயம். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ 250 பேர் உள்ள ஆலையில் வேலை செய்தால், நோட்டீஸும் இழப்பீடும் உண்டு. அரசு அனுமதி என்ற தடுப்பு மட்டும் இனி இல்லை.

வேலைநிறுத்தத்துக்கும் இனி 14 நாள் முன்அறிவிப்பு தேவை. துறைமுகம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு இது பழைய விதிதான். மற்ற தனியார் ஆலைகளுக்குத்தான் புதுசு.