பல் வைத்தியர் டாக்டர் அகமது

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணிச் சீமையிலே, வெம்பாக்கம் போன்ற ஊர்களில், ஆடும் பல்லுக்கு நெடுங்காலமாக அறியப்பட்ட வைத்தியம் நூலைக் கட்டி இழுத்தெறிதலே. குழந்தையின் பாற்பல்லுக்கு அது தகும். நாற்பது வயதில் ஈறு கெட்டு ஆடும் பல்லுக்கும் தகுமோ?

பல்லானது எலும்பில் நேரே ஒட்டி நிற்பதன்று. தறியிலே பாவிழைகள் விறைத்து நிற்பதுபோல, வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே எண்ணிறந்த நுண்ணிழைகள் நின்று அதனைத் தாங்குகின்றன. பல்லடியில் அழுக்கும் காரையும் சேர்ந்தால் ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும், இழைகள் அறும், எலும்பும் கரையும். ஈற்றைக் கீறி விலக்கி, வேரைச் சுரண்டித் தூய்மை செய்து, கரைந்தவிடத்தில் எலும்புப் பொடியிட்டு, மெல்லிய சவ்வொன்றைப் போர்த்தித் தைத்துவிடுதல் இக்காலச் சிகிச்சைகளுள் ஒன்று. சவ்வு எதற்கெனின், ஈற்றுத் தோல் விரைந்து வளர்வது. இழையும் எலும்பும் மெல்ல வளர்வன. தோல் முந்திக்கொண்டு உட்புகுந்தால் மற்றவற்றிற்கு இடமில்லை. 1982-ஆம் ஆண்டில் நைமன் முதலிய அறிஞர் இந்நெறியை மனிதர் பல்லில் செய்து காட்டினர். எல்லாப் பல்லும் இவ்வாறு பிழைக்குமென்று யாம் சொல்லத் துணியோம். பிழைக்கத்தக்க பல் பலவுண்டு என்பது உறுதி.

இத்துணை நுட்பமான தொழில், தெருவோரத்தில் குறடு பிடித்திருப்பாரிடம் வளரக்கூடியதன்று. கற்பதற்கு ஒரு கல்லூரியும், கற்றாரைப் பிரித்தறிய ஒரு சட்டமும் வேண்டும். இவ்விரண்டிற்கும் நம் நாட்டில் முன்னின்று உழைத்தவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது.

அவர் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். கடல் கடந்து அமெரிக்கா சென்று, அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென அமைந்த பல் வைத்தியசாலையொன்றில் பணிபுரிந்தார். அங்கேயே தங்கிப் பொருளீட்டியிருக்கலாம். 1919-இல் தாயகம் திரும்பினார்.

மறு ஆண்டே கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரி நடத்தப் பணம் வேண்டுமே! அதற்கு அவர் கண்ட வழி வியப்பானது. நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் பானக்கடை ஒன்றைத் திறந்து, அதன் வருவாயைக் கல்லூரிக்கு ஊட்டினார். பல்லுக்குப் பகையான இனிப்பே பல்லைக் காக்கும் கல்விக்குக் கூலி கொடுத்ததென எண்ணுந்தோறும் எமக்கு நகை வருகிறது. அங்கே பயின்றோருள் ஜின்னாவின் தங்கையார் பாத்திமாவும் ஒருவர். அவர் பின்னர்ப் பம்பாயில் பல் வைத்தியசாலை வைத்தார்.

1925-இல் இந்தியப் பல் வைத்தியப் பத்திரிகையைத் தொடங்கினார். 1928-இல் மாணவர்க்குப் பாடநூல் வெளியிட்டார். ஆயினும் கல்லாத போலி வைத்தியனும் பட்டம் பெற்றவனும் ஒரே பெயர்ப்பலகை மாட்டலாம் என்ற நிலையை நூலால் மாற்ற இயலுமோ? அவருடைய விடாமுயற்சியால் 1939-இல் வங்காளத்திற்கும், 1948-இல் இந்தியா முழுமைக்கும் பல் வைத்தியர் சட்டம் ஏற்பட்டது. பதிவு பெற்றவரே இத்தொழில் செய்யலாமென்பது நிலைத்தது.

1949-இல், தாம் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசாங்கத்திற்கு ஈந்துவிட்டார். 1950 முதல் 1962 வரை அம்மாகாணத்தில் மந்திரி பதவி வகித்தார். இதற்கிடையே, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பல் வைத்தியப் பிரிவு தோன்றிற்று; தமிழ் மாணவர் கல்கத்தா வரை செல்லவேண்டிய தேவை குறைந்தது. 1964-இல் பத்மபூஷண் விருது பெற்ற அகமது, 1965-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் காலமானார். கல்கத்தாக் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.